கிண்டி நிறுத்தத்தில் காட்டிய மூன்று நிமிடம்: ஒரு கண்காட்சி ஷட்டில் சேவையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு ஜனவரி மாதத்தில், பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதியோர் நலன் பற்றிய கண்காட்சி ஒன்று நடந்தது. செவித்திறன் சோதனை, மூட்டுவலிக்கான உடற்பயிற்சி, உயில் எழுதுவது பற்றிய சட்ட ஆலோசனை எனப் பலவும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், வந்தவர்களில் பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடன் மகனோ மகளோ பேரனோ துணைக்கு வந்தார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளால் மவுண்ட்-பூந்தமல்லி சாலை பல இடங்களில் குறுகிக் கிடந்தது. எல்லோரும் சொந்தக் காரிலோ ஆட்டோவிலோ வந்தால் சாலையும் தாங்காது, அவர்களின் கையிருப்பும் தாங்காது என்று கருதிய ஏற்பாட்டாளர்கள் இலவச ஷட்டில் சேவைக்கு ஏற்பாடு செய்தார்கள்.

சேவை இரண்டு வழித்தடங்களில் ஓடியது. ஆலந்தூர் மெட்ரோ நிலையத்திலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. கிண்டி ரயில் நிலையத்திலிருந்து 30 நிமிடத்துக்கு ஒரு வண்டி. காலை 8.30 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு முடிவதாக ஏற்பாடு. இரண்டு வழியும் கத்திப்பாரா சந்திப்பைத் தொட்டே ஆக வேண்டும். மினி பேருந்தும் டெம்போ டிராவலருமாக ஏழு வண்டிகளை ஒரு வாடகை நிறுவனம் ஓட்டுநர்களுடன் தந்தது. அடுத்த வண்டி எப்போது வரும் என்பதைப் பயணிகள் தங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள உதவும் இணையச் செயலியை உருவாக்கித் தரும் பொறுப்பு எங்கள் மூவர் குழுவிடம் வந்தது. இதில் நடந்த பிழைகள் பெரும்பாலும் நாங்கள் செய்தவையே. அந்த மூன்று நாட்களின் பதிவேடுகள், எங்கள் குறிப்புகள், ஓட்டுநர்களுடனும் தன்னார்வலர்களுடனும் பின்னர் பேசியவை ஆகியவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே எடுத்த முடிவுகள்

செயலியின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு ஓட்டுநரும் தம் கைபேசி உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பார். அது 10 விநாடிக்கு ஒருமுறை வண்டியின் இருப்பிடத்தை எங்கள் சர்வருக்கு அனுப்பும். பயணி நிறுத்தத்தில் ஒட்டியுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரைபடமும், அடுத்த வண்டி வருவதற்கான நிமிடக் கணக்கும் தெரியும். பயணியின் பக்கம் 5 விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் புது நிலவரம் கேட்கும். எந்த வண்டியிலிருந்தும் இருப்பிடம் வராவிட்டால், அச்சிட்ட கால அட்டவணையிலிருந்து அடுத்த வண்டியின் நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பாதுகாப்பு வலை என்றே நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

சர்வரை எங்கே வைப்பது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. இணையச் செயலிகளை ஏற்றி நடத்தித் தரும் ஹோஸ்டிங் தளங்கள் பல உள்ளன. நிரலைக் கொடுத்துவிட்டால் மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். 2022 நவம்பர் 28-ல் அவற்றில் ஒன்றான ஹெரோகு தன் இலவசத் திட்டத்தை முடித்துக்கொண்ட பிறகு, எங்களைப் போன்ற சிறு குழுக்கள் தங்கள் பழைய வேலைகளை வேறு தளங்களுக்கு நகர்த்தின. அப்படி நாங்கள் முன்பே பழகியிருந்த ஒரு தளத்தில் இலவசத் திட்டத்தில் செயலியை ஏற்றினோம். 15 நிமிடம் யாரும் வராவிட்டால் இலவசத் திட்டத்தின் செயலி உறங்கிவிடும் என்பதும், மீண்டும் எழ ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் என்பதும் அந்தத் தளத்தின் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. அதைப் படித்திருந்தோம். சோதனைக்காலம் முழுவதும் இலவசத் திட்டத்தில் இருந்துவிட்டு, நிகழ்வுக்கு முந்தைய இரவு கட்டணத் திட்டத்துக்கு மாறினால் ஒரு மாதக் கட்டணத்தோடு முடியும் என்பது எங்கள் கணக்கு. ஏற்பாட்டாளர்களின் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற எண்ணத்தில் எடுத்த முடிவு அது. அந்த எண்ணத்தில் தவறில்லை, மாற்றத்தைக் கடைசி இரவுக்கு ஒத்திப்போட்டதில்தான் தவறு இருந்தது.

நிகழ்வுக்கு முந்தைய வாரத்தில், மூன்று வண்டிகளை வைத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் மூவருக்கும் பகலில் வேறு வேலை இருந்ததால், சோதனைகள் எல்லாம் மாலை 5 மணிக்கு மேல்தான் நடந்தன. எல்லாம் சரியாகவே வேலை செய்தன.

வியாழன் இரவு

இரவு 10.45 மணிக்குக் கட்டணத் திட்டத்துக்கு மாற முயன்றோம். ஏற்பாட்டாளர் அமைப்பின் டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்தபோது பரிவர்த்தனை மறுக்கப்பட்டது. இரண்டாம் முறையும் அதே பதில். 2020-ல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கி அட்டைகள் வழங்கப்படும்போது உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அட்டைதாரரே இயக்கிக்கொள்ள வேண்டும். அமைப்பின் அட்டையில் அதை யாரும் இயக்கியிருக்கவில்லை. இயக்குவதற்கான வங்கிச் செயலி, அமைப்பின் பொருளாளரின் கைபேசியில் இருந்தது. எழுபது வயதைக் கடந்த அவர் அந்நேரம் உறங்கியிருப்பார். மறுநாள் விடியற்காலையிலேயே அரங்குக்கு வர வேண்டியவர். எங்களில் ஒருவர் தம் சொந்த அட்டையைக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் கணக்கில் குழப்பம் வருமே என்று தயங்கி, காலையில் பொருளாளரிடம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை காலையில் நடந்தவற்றுக்கெல்லாம் இந்தத் தயக்கமே முதல் கண்ணி.

முதல் நாள் காலை

காலை 8 மணிக்கு வர்த்தக மையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஓட்டுநர்கள் கூடினார்கள். நாங்கள் அனுப்பியிருந்த இணைப்பை அவரவர் கைபேசியில் திறந்தார்கள். இரவு முழுவதும் யாரும் தொடாத செயலி உறக்கத்தில் இருந்தது. திரை வெள்ளையாகவே நின்றது. ஒரு நிமிடம் என்பது ஆவணத்தில் படிக்கும்போது சிறிய அளவு. வண்டியைத் துடைத்து, டீசல் பார்த்து, எட்டரைக்குள் ஆலந்தூர் போய்ச் சேர வேண்டிய ஓட்டுநருக்கு வெள்ளைத் திரையின் முன் நிற்கும் ஒரு நிமிடம் மிக நீண்டது. ஏழு பேரில் மூவர், இது வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பக்கத்தை மூடிவிட்டு வண்டியை எடுத்தார்கள். அந்த மூவரில் இருவர் கிண்டி வழித்தடத்துக்கு உரியவர்கள். அதனால் அன்று காலை கிண்டியில் ஒரு வண்டியின் இருப்பிடம்கூட எங்களுக்கு வரவில்லை.

இருப்பிடம் வராவிட்டால் கால அட்டவணைக்குப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. செயலி அப்படியே போனது. ஆனால் காலை 9 மணிக்குக் கிண்டி நிறுத்தத்தின் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு, சேவை இன்னும் தொடங்கவில்லை என்ற வரி தெரிந்தது. அதே நேரத்தில் வண்டி ஒன்று கண்முன் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஹோஸ்டிங் தளத்தின் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. அது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தியது. சென்னையில் காலை 9 மணி என்றால் சர்வருக்கு அதிகாலை 3.30. அதன் கணக்கில் எட்டரைக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இந்திய நேரம் பிற்பகல் 2 மணி ஆகும்வரை அது இப்படித்தான் சொல்லியிருக்கும். எங்கள் மடிக்கணினிகள் இந்திய நேரத்தில் ஓடியதால் அங்கே இது தெரியவில்லை. சர்வரில் ஏற்றிய பிறகு செய்த மாலைச் சோதனைகளில் ஏன் தெரியவில்லை என்பதுதான் எங்களை உண்மையில் கலங்கச் செய்தது. மாலை 5 மணி என்பது சர்வருக்குக் காலை 11.30, அதுவும் சேவை நேரத்துக்குள்ளேயே விழுகிறது. ஐந்தரை மணி நேரம் என்பது 330 நிமிடம். அது 15-ஆலும் வகுபடும், 30-ஆலும் வகுபடும். ஆகவே இன்னும் எத்தனை நிமிடம் என்ற விடை, தவறான நேரத்திலிருந்து கணக்கிட்டும் மிகச் சரியாக வந்துகொண்டிருந்தது. ஆலந்தூர் வண்டிகளை 20 நிமிடத்துக்கு ஒன்று என வைத்திருந்தால் விடை பத்து நிமிடம் பிசகி, முதல் சோதனையிலேயே பிழை பிடிபட்டிருக்கும்.

நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் புதிய பதிப்பை 9.50-க்கு ஏற்றினோம். செயலி மீண்டும் உறங்காதபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தட்டி எழுப்பும் ஏற்பாட்டையும் செய்தோம். பொருளாளரைத் தொந்தரவு செய்யாமல், எங்களில் ஒருவர் தம் கடன் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, 12.10 மணிக்குக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றினார். முந்தைய இரவு தயங்கிய அதே செயல் மொத்தம் நான்கு நிமிடத்தில் முடிந்தது.

கிண்டி நிறுத்தத்தில் கண்டது

இந்தத் திருத்தங்களோடு சிக்கல் தீர்ந்தது என்று நம்பினோம். பக்கத்தை மூடிய ஓட்டுநர்களும் மேற்பார்வையாளர் சொன்னதன் பேரில் மீண்டும் திறந்துவிட்டார்கள். வரைபடத்தில் ஏழு புள்ளிகளும் தெரிந்தன. பிற்பகல் 1 மணி அளவில், நேரில் பார்ப்பதற்காக நான் கிண்டிக்குப் போனேன்.

அங்கே எங்கள் நிறுத்தம் ரயில் நிலைய வாயிலிலிருந்து சற்றுத் தள்ளி, சாலை ஓரத்தில் இருந்தது. அருகில் ஒரு கடையின் தகரக் கூரை நிழலில் தன்னார்வலர்கள் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தன. வயதான தம்பதியர் இருவர் வெயிலில், சாலை விளிம்பில் நின்றிருந்தார்கள். அம்மா தம் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். ஐயாவின் கையில் கைபேசி, திரையில் எங்கள் செயலி. நிழலில் வந்து உட்காரும்படி தன்னார்வலரான கல்லூரி மாணவி அழைத்தபோது அவர், "மூணு நிமிஷம்னு காட்டுதும்மா. உள்ளே போய் உட்கார்ந்தா வண்டியை விட்டுடுவோம்" என்றார். அந்த மாணவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இருபது நிமிஷமா அதே மூணு நிமிஷம்தான் காட்டுது."

திரையில் புள்ளி கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல் அசையாமல் நின்றது. வண்டி அங்கே இல்லை. அது கத்திப்பாராவைக் கடக்கும்போது ஓட்டுநருக்கு அழைப்பு வந்திருக்கிறது, அவர் வண்டியை ஓரம்கட்டிப் பேசிவிட்டுக் கைபேசியை வைத்திருக்கிறார், திரை அணைந்திருக்கிறது. உலாவிப் பக்கம் பின்னணிக்குப் போனாலோ திரை பூட்டிக்கொண்டாலோ, அதிலிருந்து இருப்பிடம் வருவது நின்றுவிடும். திரையை அணையாமல் வைத்திருக்கும் வசதியைச் சேர்த்திருந்தோம். ஆனால் அழைப்பு வந்து வேறு திரை மேலே வந்ததும் அந்த வசதி விலகிக்கொள்ளும். பக்கத்துக்குத் திரும்பியதும் நிரல் அதை மீண்டும் கேட்க வேண்டும். நாங்கள் அதை எழுதவில்லை. கடைசியாக வந்த இருப்பிடம் எத்தனை நிமிடம் பழையது என்பதையும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. இருபது நிமிடத்துக்கு முந்தைய செய்தியை இப்போதைய செய்தி போலக் காட்டிக்கொண்டிருந்தது.

வண்டி மேலும் ஒன்பது நிமிடம் கழித்து வந்தது. தம்பதியர் ஏறிச் சென்றார்கள். ஐயா என்னிடம் குறை ஏதும் சொல்லவில்லை. காலையில் சேவை தொடங்கவில்லை என்று காட்டிய பிழையைவிட இது கடுமையானது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. காலையில் திரை சொன்னதைக் கண்முன் நின்ற வண்டியே மறுத்தது. யாரும் திரையை நம்பவில்லை. இங்கே திரை நம்பும்படி இருந்தது. அதனால் இரண்டு வயதானவர்கள் நிழலையும் நாற்காலியையும் விட்டு வெயிலில் நின்றார்கள்.

முதல் நாள் மாலை

மாலை 5.30-க்குப் பிறகு கூட்டம் திரும்பத் தொடங்கியது. அரங்க வாயிலில் வரிசை நீண்டது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் செயலியைத் திறந்தார்கள். 5.40 மணி அளவில் ஏறத்தாழ 600 கைபேசிகள் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தன என்று சர்வரின் பதிவுகள் காட்டுகின்றன. 5 விநாடிக்கு ஒரு கேள்வி என்றால் விநாடிக்கு 120 கோரிக்கைகள். ஒவ்வொன்றும் தரவுத்தளம் வரை போய் வந்தது. தரவுத்தளம் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளுக்கு உச்சவரம்பு உண்டு. அது நிரம்பியதும் பிழைச் செய்திகள் வந்தன. மக்கள் பக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றினார்கள். சுமை இன்னும் கூடியது. ஓட்டுநர்களின் கைபேசிகள் இருப்பிடத்தை அனுப்பியதும் இதே சர்வருக்குத்தான். கேட்பவர்களின் நெரிசலில் சொல்பவர்களின் குரலும் உள்ளே போக முடியவில்லை. புள்ளிகள் ஒவ்வொன்றாக உறைந்தன.

ஏழு வண்டிகளின் இருப்பிடம் 10 விநாடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது. எல்லாப் பயணிகளுக்கும் ஒரே விடைதான். அந்த ஒரே விடையை விநாடிக்கு 120 முறை தரவுத்தளத்திடம் தனித்தனியாகக் கேட்கும்படி நாங்கள் எழுதியிருந்தோம். ஹோஸ்டிங் தளத்தின் நிலவரப் பக்கம் அன்று முழுவதும் பச்சையாகவே இருந்தது. அது சொன்னதும் உண்மை. தளம் தான் தருவதாகச் சொன்னதைத் தந்துகொண்டுதான் இருந்தது.

அரங்க வாயிலில் வாடகை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஒருவர் ட்ரிப் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். நீளமான நோட்டு; வண்டி எண், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஆட்கள் எண்ணிக்கை என நான்கு பத்திகள்; பால்பாயிண்ட் பேனா. 6 மணிக்கு மேல், வரிசையில் நின்றவர்கள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவர் நோட்டைப் பார்த்து, இன்ன வண்டி கிண்டிக்குப் போய் முப்பது நிமிடம் ஆயிற்று, இப்போது திரும்பி வரும் நேரம்தான் என்று பதில் சொன்னார். அந்த மாலை எங்களிடம் இருந்த மிகச் சரியான தகவல் அந்த நோட்டில் இருந்தது.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

இரவு 9 மணிக்கு ஏற்பாட்டாளர், மேற்பார்வையாளர், நான்கு ஓட்டுநர்கள், எங்கள் மூவர் என எல்லோரும் அரங்கின் பின்பக்கம் உட்கார்ந்து பேசினோம். ஓட்டுநர்களிடம் பக்கத்தைத் திறந்தே வைக்கச் சொல்லி வற்புறுத்தலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, மூத்த ஓட்டுநர் ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஓனர் கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியுமா சார்? அதுவும் வெயில்ல டாஷ்போர்டு மேல வெச்சா போன் சூடாகி அதுவே ஆஃப் ஆயிடுது." இந்தச் சூடு பற்றி எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஓட்டுநரின் சொந்தக் கைபேசியை, அவருடைய சொந்த டேட்டாவில், கேட்காமலே எங்கள் கருவியாக்கிக்கொண்டது முறையல்ல என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த இரவில் ஓட்டுநரின் கைபேசியை நம்புவதை முற்றிலும் கைவிட்டோம். வண்டி புறப்படும்போது அந்தந்த நிறுத்தத்தில் இருக்கும் தன்னார்வலர் தம் கைபேசியில் வண்டி எண்ணைத் தொட்டுப் புறப்பட்டது என்று பதிவார். அரங்க வாயிலில் மேற்பார்வையாளருக்கு அருகில் நிற்கும் தன்னார்வலரும் அப்படியே செய்வார். பயணியின் பக்கத்தில் வரைபடமும் நிமிடக் கணக்கும் இருக்காது. அரங்கிலிருந்து ஒரு வண்டி 10.38-க்குப் புறப்பட்டு ஆலந்தூர் வருகிறது, வழக்கமாக 15 முதல் 25 நிமிடம் ஆகும் என்பது போன்ற வாக்கியங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். 20 நிமிடமாக எந்தப் பதிவும் வராத நிறுத்தத்தில், தகவல் வரவில்லை என்ற வரியும் உதவி மேசையின் தொலைபேசி எண்ணும் தெரியும். எங்கள் குழுவின் இளையவர் இதற்கு உடன்படவில்லை. வரைபடத்தைத்தான் மக்கள் விரும்பினார்கள், அதை எடுப்பது பின்னோக்கிப் போவதாகும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எந்தப் புள்ளி உயிரோடு இருக்கிறது, எது உறைந்தது என்பதை நம்பகமாகப் பிரித்துக் காட்டும் நிரலை ஓர் இரவில் எழுதிச் சோதிக்க முடியாது என்பதால் அதை எடுத்துவிட்டோம்.

சர்வர் பக்கத்தில், நிலவரம் மாறும்போது மட்டும் ஒரு சிறிய கோப்பை எழுதி, அதை உள்ளடக்க விநியோக வலையமைப்பின் வழியே, அதாவது கோப்பின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குத் தானே தரும் சேவையின் வழியே, 10 விநாடி ஆயுளுடன் கொடுத்தோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டாலும் அந்த வலையமைப்பே பதில் சொல்லும். தரவுத்தளம் வரை வருவது தன்னார்வலர்களின் பதிவுகள் மட்டுமே. கைபேசி கேட்கும் இடைவெளியை 5 விநாடியிலிருந்து 20 விநாடியாக்கி, எல்லாக் கைபேசிகளும் ஒரே நொடியில் கேட்காதபடி சற்றுக் கலைத்துவிட்டோம்.

சர்வர் அமெரிக்காவில் இருந்ததால், பதில் வந்து சேரக் கால் விநாடி தாமதமானது. அதைச் சிங்கப்பூருக்கு மாற்றலாமா என்ற பேச்சும் வந்தது. மாற்றினால் தரவுத்தளத்தையும் கூடவே மாற்ற வேண்டும். செயலி ஒரு கண்டத்திலும் தரவுத்தளம் இன்னொரு கண்டத்திலும் இருந்தால் தாமதம் இன்னும் கூடும். அந்தக் கால் விநாடித் தாமதத்தால் யாரும் வெயிலில் நிற்கவில்லை என்பதால் அதைத் தொடவில்லை. குறுஞ்செய்தி அனுப்பலாம் என்ற யோசனையும் அன்றே முடிந்துபோனது. மொத்தக் குறுஞ்செய்தி அனுப்ப அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டிப் பதிந்திருக்க வேண்டும். ஓர் இரவில் அது ஆகாது.

மேற்பார்வையாளர் ஒன்று கேட்டார்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வெள்ளைப் பலகை. கைபேசியில் பதியும் அதே நேரத்தைத் தன்னார்வலர் பலகையிலும் எழுத வேண்டும் என்றார். மறுநாள் காலை 7 மணிக்கு மூன்று பலகைகள் வந்துவிட்டன.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்

சனிக்கிழமை அமைதியாகக் கழிந்தது. கூட்டம் முதல் நாளைவிட அதிகம். மாலை நெரிசலில் சர்வரின் சுமை ஏறவே இல்லை. கிண்டியில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. போதவில்லை என்று மேலும் ஆறு வாங்கிப் போட்டார்கள். பலகையைப் பார்த்தவர்கள் கைபேசியைப் பார்த்தவர்களைவிட அதிகம் என்று அங்கிருந்த மாணவி சொன்னார். பலகைக்கு அருகில் நின்ற ஒருவர், புதிதாக வருபவர்களுக்கெல்லாம் தாமாகவே அதைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஞாயிறு பிற்பகல் கத்திப்பாராவில் கடும் நெரிசல். ஆலந்தூர் வண்டி ஒன்று அரங்கிலிருந்து போய்ச் சேர 50 நிமிடம் எடுத்தது. பழைய செயலியாக இருந்தால் நிமிடக் கணக்கு மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் ஊசலாடியிருக்கும். புதிய பக்கம் புறப்பட்ட நேரத்தைச் சொன்னது. அதன் கீழே, கத்திப்பாராவில் நெரிசல், இன்று தாமதமாகும் என்ற ஒரு வரியை நாங்கள் கையால் சேர்த்தோம். நடக்க முடிந்தவர்கள் ஆட்டோவைப் பிடித்துச் சென்றார்கள். மற்றவர்கள் நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று ஒரு குறையும் நேர்ந்தது. ஆலந்தூரில் இரு தன்னார்வலர்களும் ஒரு சக்கர நாற்காலியை வண்டியில் ஏற்ற உதவிக்கொண்டிருந்ததால், இரண்டு புறப்பாடுகள் பதிவாகவில்லை. 20 நிமிடம் கழிந்ததும் பக்கம் தகவல் வரவில்லை என்று காட்டியது; உதவி மேசைக்குச் சில அழைப்புகள் வந்தன; அங்கிருந்து ஆலந்தூருக்குப் பேசிச் சரிசெய்தார்கள். ஆளை நம்பும் ஏற்பாட்டில் ஆள் மறப்பார். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை பொத்தானைத் தொடுவதைவிட முக்கியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை; இரண்டு பேரால் இரண்டு வேலையையும் பார்க்க முடியாது என்பதை நாங்கள்தான் முன்கூட்டி எண்ணியிருக்க வேண்டும்.

விளைவு

உதவி மேசையின் பதிவேட்டில் வெள்ளிக்கிழமைக்கு ஆறு பக்கங்கள் நிரம்பின. பெரும்பாலான வரிகளில் வண்டி எங்கே என்ற ஒரே கேள்வி. சனிக்கிழமை இரண்டு பக்கம். ஞாயிறு, நெரிசல் இருந்தும், மூன்று பக்கத்தைத் தாண்டவில்லை. வண்டிகளின் எண்ணிக்கையோ காத்திருந்த நேரமோ பெரிதாக மாறவில்லை என்பதை ட்ரிப் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஞாயிறு சராசரிக் காத்திருப்பு வெள்ளியைவிடச் சற்று அதிகம்கூட. வண்டி எப்போது கிளம்பியது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். தெரியாதவர்களும் தவறாகத் தெரிந்தவர்களும் எழுந்து நின்று காத்திருந்தார்கள்.

மாற்றவிருப்பவை

ஹோஸ்டிங் கட்டணத்துக்கான அட்டையைப் பணி தொடங்கும் நாளிலேயே வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்து, குறைந்தது இரண்டு வாரம் முன்பே கட்டணத் திட்டத்தில் செயலியை ஓடவிட வேண்டும். ஒரு மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்திய எங்கள் கணக்கில் அந்த வெள்ளிக்கிழமை காலையின் விலை சேர்ந்திருக்கவில்லை. நேர மண்டலம் இந்தியாவுடையது என்பதை நிரலிலேயே எழுதிவைத்து, சேவை தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் உண்மையான சர்வரில் சோதிக்க வேண்டும். சோதனைக்கான கால அட்டவணையில் வேண்டுமென்றே ஒழுங்கற்ற இடைவெளிகளை, 17 நிமிடம், 23 நிமிடம் என்று வைக்கவிருக்கிறோம். ஆயிரம் கைபேசிகள் ஒரே நேரத்தில் கேட்பது போன்ற சுமைச் சோதனையை ஒரு மடிக்கணினியிலிருந்தே செய்ய முடியும். அதை ஒரு மாலையில் முடித்திருக்கலாம்.

வரைபடம் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. ஒரு நிமிடத்துக்குள் வந்த இருப்பிடத்தை மட்டும் காட்டிவிட்டு, மற்றதை மறைத்திருக்கலாம் என்று இளையவர் இப்போதும் சொல்கிறார். வண்டியிலேயே பொருத்திய ஜிபிஎஸ் கருவி இருந்தால் நானும் அதற்கு உடன்படுவேன். ஓட்டுநரின் சொந்தக் கைபேசியை வைத்து அதை மீண்டும் செய்யச் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்த நிகழ்வுக்கான வாடகை ஒப்பந்த வரைவில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்: வண்டியிலேயே இருப்பிடக் கருவி இருக்க வேண்டும், ஓட்டுநர் மாறினாலும் வண்டி எண் மாறக் கூடாது, முன் கண்ணாடியில் அந்த எண்ணைத் தொலைவிலிருந்து படிக்கும் அளவில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பதிவுக்கென்றே மூன்றாவது தன்னார்வலர் ஒருவர் இருப்பார். மேற்பார்வையாளரிடமிருந்து அந்த மூன்று நாள் ட்ரிப் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். புதிய பக்கத்தில் வழக்கமாக ஆகும் நேரம் என்று எழுதவிருப்பது அதிலிருந்து எடுத்த கணக்குதான். கிண்டி நிறுத்தத்தில் பந்தல் போட அனுமதி கேட்டு ஏற்பாட்டாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் நிறுத்தத்தையே ரயில் நிலைய வாயிலுக்கு அருகில் மாற்ற வேண்டியிருக்கும். அப்படி மாற்றினால் வண்டி திரும்பும் இடம் எது என்பதை ஓட்டுநர்களோடு நேரில் நடந்து பார்த்து முடிவு செய்யவிருக்கிறோம்.